இருபத்து நாலு வோல்ட்டும் மூன்று விரல் திருநீறும்

போன மாதம் பயிற்சிப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ரேடார் நிலையத்துக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் எட்டுப் பேருக்கு நான் பத்து நிமிடம் "ஊக்கம் தரும் வகையில்" பேச வேண்டுமாம். வேலையில் இருந்த காலமெல்லாம் என் ஊக்கம் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் விசாரித்ததில்லை. ஓய்வு பெற்று முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அது அவர்களுக்குத் தேவைப்படுகிறது. சரி, போனேன். நாலு பக்கமும் தேயிலைத் தோட்டம் சூழ்ந்த மண்டபத்தில் உட்காரவைத்து மைலோ கலந்து கொடுத்தார்கள்.

பேசி முடித்ததும் ஒரு பையன் கை தூக்கினான். கெட்டிக்காரன், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "மேடம், ரேடோம் கதவு சர்க்கிட் வெறும் டுவெண்டி ஃபோர் வோல்ட் டிசிதானே? கைய வெச்சாகூட ஒன்னும் பண்ணாது. அதுக்கு ஏன் மேடம் இவ்ளோ ரூல்ஸ்?"

வெறும் இருபத்து நாலு வோல்ட். என்னை விட்டிருந்தால் நாலு மணி நேரம் பேசியிருப்பேன். பயிற்சி அதிகாரி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார், அடுத்து சாப்பாடு. அதனால் எழுதுகிறேன். அந்தப் பையன் படிப்பான் என்ற நம்பிக்கை இல்லை. யாராவது படிக்கட்டும்.

திரிங்காப்பைத் தாண்டிக் கம்போங் ராஜா போகிற சாலையில் கோஸ் லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே அண்ணாந்து பார்த்தால், தேயிலைச் சரிவுக்கு மேலே மலை உச்சியில் ஒரு வெள்ளை உருண்டை தெரியும். பனிமூட்டம் இல்லாத நாளில் தெரியும், அதாவது எப்போதாவது. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் எல்லோரும் அதை முட்டை என்பார்கள். புத்தகத்தில் ரேடோம். உள்ளே ஒரு லாரி அகலத்துக்கு ஆன்டெனா சுற்றிச் சுற்றி மழையைத் தேடும். அதன் மேல் காற்றும் மழையும் படாமலிருக்கத்தான் அந்தக் கூடு. மழையைக் கண்டுபிடிக்கிற இயந்திரத்துக்கு மழை ஆகாது. இதை அம்மாவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். அதே சரிவில் முப்பது வருடம் கொழுந்து வெட்டியவர் அவர். நனையாத நாள் கிடையாது, அவருக்கு யாரும் கூடு கட்டிக் கொடுக்கவில்லை.

என் பெயர் மகேஸ்வரி. அந்த லயத்தில் பிறந்து, ஈப்போவில் இரண்டு வருடம் மின்னியல் படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். படித்ததில் பாதி ஓம் விதி, மீதிப் பாதி பெண்கள் கழிப்பறை எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பது. வேலைக்குச் சேர்ந்த வாரம் தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணியின் வீட்டம்மா அம்மாவிடம், "ஒம் மக முட்டைல என்னா வேல பாக்குது, கூட்டிப் பெருக்கவா?" என்று கேட்டாராம். "ஆமாங்க, மேகத்தப் பெருக்குறா" என்று சொல்லிவிட்டு வந்தார் அம்மா. வாய் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

முட்டைக்குள் நுழைய ஒரே வழி. இரும்பு ஏணி முடிகிற இடத்தில் தலைக்கு மேலே ஒரு கதவு, அதைத் தள்ளித் திறந்து ஏறினால் நேராக ஆன்டெனாவின் காலடி. ஆன்டெனாவுக்குக் கண் கிடையாது. ஆள் நிற்கிறானா, தூண் நிற்கிறதா என்று பார்க்காது. அதனால் கதவில் ஒரு சுவிட்ச். கதவு மூடியிருக்கும்போது இருபத்து நாலு வோல்ட் டிசி அந்தச் சுவிட்ச் வழியாகப் போய்க் கீழே ஒரு ரிலேயைப் பிடித்து வைத்திருக்கும். கதவைத் திறந்தால் ஓட்டம் அறும், ரிலே டக்கென்று விடும், ஆன்டெனா மோட்டார் நிற்கும், கட்டுப்பாட்டு அறையில் பச்சை விளக்கு போய்ச் சிவப்பு எரியும். எல்லாம் பேட்டரி டிசி, ஆகவே ஊரே இருட்டானாலும் காவல் போகாது. கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும்.

ஆனால் டிசிக்கு ஒரு குணம் உண்டு. வீட்டுக்கு வருகிற ஏசி முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும். டிசி ஒரே பக்கமாகத்தான் போகும், தலைமையகத்திலிருந்து வருகிற உத்தரவு மாதிரி. ஈரம் பட்ட இடத்தில் இந்தப் பிடிவாதம் வேலையைக் காட்டும். பாசிட்டிவ் பக்கத்துத் திருகாணியை நாளுக்கு நாள் அரித்து, பச்சைப் பச்சையாகப் பொங்கவைத்து, எதிர்த்த திருகாணிப் பக்கம் மெல்ல நகர்த்தும். எங்கள் மலையில் ஈரத்துக்கா பஞ்சம்? முட்டைக்குள் காற்றை உலரவைக்க ஒரு கருவி இருந்தது. அது படுத்துவிட்டது. "ஸ்பேர் வருகிறது" என்ற நிலையிலேயே அது மூன்று என்ஜினியர்களைப் பார்த்துவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் முட்டையின் உள்பக்கம் முழுக்க வியர்த்து ஒழுகிக்கொண்டிருக்கும். வாரா வாரம் துணியோடு ஏறி அதைத் துடைத்தவன் சுலைமான்.

சுலைமான் கம்போங் ராஜாக்காரன். அவன் அத்தாவுக்கு அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை. முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள், ஆறு வருடமாகக் காண்ட்ராக்டில் டெக்னீஷியன். நிரந்தர வேலைக்கான கடிதம் வருகிறது, வருகிறது என்று அவனுக்கும் ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் உண்மையிலேயே பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. நிலையத் தலைவர் ஒரு குறிப்பு எழுதினால் போதும். அந்தத் தலைவர் எங்கள் என்ஜினியர் குணசேகரன்.

குணசேகரன் கோலாலம்பூரிலிருந்து வந்தவர். மேசை மேல் மூன்று பேனா வைத்திருப்பார். நீலம் எழுதுவதற்கு, பச்சை ஒப்புதலுக்கு, சிவப்பு எங்களுக்கு. ஏழு வருடத்தில் அவர் ஏணியின் நாலாவது படியைத் தாண்டி நான் பார்த்ததில்லை. அங்கிருந்தே கதவை அண்ணாந்து பார்த்து, "ஓகே லா, டிக் பண்ணு" என்பார். வருடாந்தரச் சோதனைப் படிவத்தில் டிக் விழும், பச்சையில் கையெழுத்து விழும். ஒரு நாளும் கோபப்படமாட்டார். குரலை உயர்த்தாமலே ஒரு ஆளை நாற்காலியோடு சேர்த்து அமுக்கத் தெரிந்த மனிதர்.

முட்டைக்குள் நுழைய அவர் எழுதிவைத்த விதிகள் அருமையானவை, அதைச் சொல்லத்தான் வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்குச் சொல். ஏணியடியில் இருக்கும் சாவிச் சுவிட்சை அணைத்துச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள். கதவைத் திற. சிவப்பு விளக்கு எரிகிறது என்று கட்டுப்பாட்டு அறை இன்டர்காமில் சொன்ன பிறகு ஏறு. இதை ஒழுங்காகச் செய்தால் ஒருவனுக்கும் ஒன்றும் ஆகாது. பிறகு சாவி தொலைந்துவிடக்கூடாதே என்று அதைத் தம் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். இழுப்பறைச் சாவி அவர் காரில் இருக்கும். கார் அவரோடு தானா ராத்தாவில் கூட்டத்தில் இருக்கும். அப்படிப்பட்ட நாட்களுக்கென்று ஒரு சுற்றறிக்கை: அவசர வேலைக்குக் கதவுச் சுவிட்ச் ஒன்றே போதும். பச்சைக் கையெழுத்து. இன்டர்காம் ஈரத்தில் செத்து எட்டு மாதம். ஸ்பேர் வந்துகொண்டிருந்தது.

இனி என் பங்குக்கு வருகிறேன்.

ஆயுத பூஜை வந்தது. நிலையத்தில் நாங்கள் நாலைந்து தமிழர்கள். "மகேஸ், நீதான் பொம்பள, நீயே பண்ணிடு" என்றார் குணசேகரன், ஏதோ பதவி உயர்வு கொடுப்பது மாதிரி. கூடவே ஒரு படிவமும் கொடுத்தார். எந்த அறையில் கற்பூரம் ஏற்றலாம், எங்கே ஏற்றக்கூடாது, யார் தண்ணீர் வாளியோடு நிற்பது, எல்லாம் இரண்டு பிரதி. கற்பூரத்துக்குப் படிவம் இருந்தது. திருநீற்றுக்கு இல்லை.

ஜெனரேட்டருக்கு ஒரு பொட்டு, பேட்டரி அலமாரிக்கு ஒரு பொட்டு, குணசேகரனின் கணினிக்கு அவர் கேட்டுக்கொண்டபடி இரண்டு பொட்டு. கடைசியாக ஏணி ஏறினேன். கீழே சுலைமான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். கதவுச் சுவிட்சின் கம்பிகள் வந்து சேருகிற கட்டையின் மூடி என்றைக்கோ உடைந்துபோயிருந்தது. இரண்டு திருகாணிகளும் பக்கத்துப் பக்கத்தில் திறந்தபடி கிடந்தன. முட்டைக்குள் போகிற ஒவ்வொருவர் உயிரும் அந்த இரண்டு திருகாணிக்கு நடுவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அதற்கு மட்டும் தனி மரியாதை. திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, மூன்று விரலால் பட்டையாக இழுத்தேன், இந்தத் திருகாணியிலிருந்து அந்தத் திருகாணி வரைக்கும். நடுவில் குங்குமம். கண்ணை மூடிக் கும்பிட்டேன். ஓம் விதியில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவள் நான்.

காய்ந்த சாம்பல் ஒன்றும் செய்யாது. ஈரச் சாம்பல் மின்சாரத்தைக் கடத்தும், அதுவும் டிசிக்கு நடுவில் வாரக்கணக்கில் ஊறினால் கேட்கவே வேண்டாம். நவம்பர் மழை பிடித்துக்கொண்டது. முட்டை வியர்த்தது. பட்டைக்கு அடியில் திருகாணி பச்சையாகப் பொங்கி, சாம்பலோடு சேர்ந்து பாலம் கட்டிக்கொண்டது. முழு ஓட்டத்துக்கு அந்தப் பாலம் போதாது. ஆனால் ஒரு தடவை பிடித்துவிட்ட ரிலேயை விடாமல் வைத்திருக்க முழு ஓட்டம் தேவையில்லை, கொஞ்சம் கசிந்தாலே போதும். கதவைத் திறந்தாலும் இனி அது விடாது. இதெல்லாம் பின்னால் தெரிந்தது.

அந்த மழைக்கு நடுவில் ஒரு நாள், காலை பத்தரை மணி. குணசேகரன் தானா ராத்தாவில் இருந்தார், சாவியும் அவரோடு போயிருந்தது. ஆன்டெனாவின் அடியில் ஏதோ உராய்கிற சத்தம் கேட்கிறது என்று சுலைமான் கிளம்பினான். "அக்கா, மேல போறேன்" என்று கட்டுப்பாட்டு அறையில் தலையை நீட்டிச் சொன்னான். நான் தொலைபேசியில் இருந்தேன். கோலா தெர்லாவில் தக்காளி போட்டிருக்கும் ஒருவர், நாங்கள் சொல்லாத மழை தம் தோட்டத்தில் பெய்துவிட்டதாக என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். கையை மட்டும் ஆட்டினேன். கண் விளக்கின் மேல்தான் இருந்தது. பச்சை. இன்னும் கதவைத் திறக்கவில்லை, ஏணியில் இருக்கிறான் என்று நினைத்தேன்.

எங்கள் ஆன்டெனா பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சுற்றும், நடுவில் கொஞ்ச நேரம் நிற்கும். அவன் கதவைத் தள்ளியபோது அது நின்றுகொண்டிருந்தது. கதவு நிறுத்தியதாக அவன் நினைத்துக்கொண்டான். நான் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் உள்ளே குனிந்து உட்கார்ந்திருந்தான், தக்காளிக்காரர் திட்டிக்கொண்டிருந்தார். நேரம் வந்ததும் ஆன்டெனா சுற்ற ஆரம்பித்தது.

அந்த அலறலை நான் எழுதப்போவதில்லை. அவசரப் பொத்தானை எப்படி அடித்தேன் என்று நினைவில்லை. ஏறிப் பார்த்தபோது ஆன்டெனாவின் எடைக்கல் தாங்கும் இரும்புக்கை அவனைக் கைப்பிடிக் கம்பியோடு சேர்த்து நெருக்கியிருந்தது. இடது தோள் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. "அக்கா, கதவு தெறந்துதான் இருக்குது, பாருங்க, தெறந்துதான் இருக்குது" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நான் தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தேன். அதற்குப் பக்கத்தில் என் பட்டையைப் பார்த்தேன்.

ஆம்புலன்ஸ் போன பிறகு குணசேகரன் வந்தார். நாலாவது படியில் நின்று நான் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு கீழே இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு அமைதியாகச் சொன்னார்.

"மகேஸ், நாளான்னைக்கு விசாரணைக்கு மூனு பேர் வராங்க. அந்த எடத்த நல்லா தொடைச்சிடு."

"தொடைச்சா எப்படி போஸ்? ரிலே ஏன் விடலன்னு கேப்பாங்களே."

"கேக்க மாட்டாங்க. சுலைமான் செகப்பு வெளக்க கன்ஃபார்ம் பண்ணாம ஏறிட்டான். ஹியூமன் எரர். முடிஞ்சிது."

"இன்டர்காம் செத்து எட்டு மாசமாச்சு போஸ்."

"அதுக்கு ஃபார்ம் போட்டாச்சு லா." கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "பூஜ சமாச்சாரம் ரிப்போர்ட்ல வந்தா யாருக்கு நல்லது, சொல்லு? ஒனக்கா? இனிமே யாராச்சும் இங்க ஒரு ஊதுபத்தி கொளுத்த முடியுமா? ஒனக்கு சீனியர் கிரேடு வேற வர்ற நேரம். நான் ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் சொன்னது ஒன்றும் பொய்யில்லை, அதுதான் அதன் அழகு. கவனக்குறைவு என்று எழுதப்பட்டால் சுலைமானின் பெயர் பட்டியலிலிருந்து போகும், காண்ட்ராக்டும் அதோடு முடியும். ஒற்றைக் கையோடு அத்தா கடையில் தட்டுக் கழுவப் போகவேண்டியதுதான். எனக்கோ ஒரு ஈரத்துணி போதும். ஒரு தடவை இழுத்தால் என் தவறு துணியோடு வந்துவிடும்.

துணியை எடுத்துக்கொண்டு ஏறினேன். இதை நான் மறைக்கப்போவதில்லை. கதவருகே நின்று, துணியை அந்தக் கட்டைக்கு நேராகக் கொண்டுபோனேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. கதவுச் சட்டம் பளபளவென்று இருந்தது. கட்டையின் ஓரங்கள், கம்பிகள், ஆணிகள், எல்லாம் சுத்தம். பட்டை இருந்த இடம் மட்டும் பச்சையும் சாம்பலும் கலந்து, யாரோ ஓரம் வெட்டி ஒட்டியது மாதிரி அழுக்காக இருந்தது. ஏன் அப்படி என்று எனக்கு விளங்கவில்லை. துணியைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். நல்லவள் என்பதால் இல்லை. அவன் "கதவு தெறந்துதான் இருக்குது" என்று சொன்ன குரல் காதைவிட்டுப் போகவில்லை.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். தலைவி நோரா, மலாய் மரியாதையில் புவான் நோரா, மூத்த என்ஜினியர், குள்ளமான அம்மாள், குடையை மடக்கக்கூட இல்லை, முதலில் ஏணி எங்கே என்று கேட்டார். நாலாவது படியையும் தாண்டி ஏறினார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது. இறங்கி வந்து மேசையில் உட்கார்ந்தபோது குணசேகரன் கோப்பைத் திறந்து வைத்தார். சுலைமான் கட்டுப்போட்ட கையோடு ஓரமாக உட்கார்ந்திருந்தான். இரண்டு நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"வாராந்தரத் துப்புரவுப் படிவத்தில் 'சுத்தம்' என்று நீங்கள்தானே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்?" என்று புவான் நோரா மலாயில் அவனைக் கேட்டார். "ஆமாம்" என்றான். "அப்படியானால் அந்த இணைப்புக் கட்டையில் மட்டும் ஏன் அவ்வளவு அழுக்கு?"

சுலைமான் தரையைப் பார்த்தான். அவர் இன்னொரு தடவை கேட்டார். அப்போதும் தரையைத்தான் பார்த்தான். குணசேகரன் வருத்தமான முகத்தோடு சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"அது அழுக்கு இல்லை, புவான்" என்றேன். "திருநீறு. பூசியது நான்."

பிறகு மீட்டரை எடுத்துக்கொண்டு அவரை மறுபடி மேலே அழைத்துப்போனேன். கதவை ஒரு தடவை மூடி, ரிலே பிடித்ததும் திறந்து வைத்தோம். சுவிட்ச் திறந்திருந்தால் அந்த இரண்டு திருகாணிக்கு நடுவில் இருபத்து நாலு வோல்ட்டும் முழுசாக நிற்க வேண்டும். மீட்டர் பதினாலு காட்டியது. மீதிப் பத்து எங்கே என்று அவர் கேட்கவில்லை, அது பட்டை வழியாகக் கசிந்து ரிலேயைப் பிடித்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். கீழே கட்டுப்பாட்டு அறையில் நின்றவரைச் சத்தமாகக் கூப்பிட்டு விளக்கு என்ன நிறம் என்று கேட்டார். "பச்சை" என்று குரல் வந்தது. நான் பையிலிருந்த துணியை எடுத்து ஒரே இழுப்பாகத் துடைத்தேன். கீழே ரிலே டக்கென்று விட்டது. "சிவப்பு, புவான், சிவப்பு!" என்று கீழேயிருந்து கத்தினார்கள்.

புவான் நோரா குனிந்து அந்தக் கட்டையைப் பார்த்தார். பிறகு, "இந்த மூடி உடைந்து எவ்வளவு காலமாயிற்று?" என்று மட்டும் கேட்டார். வருடாந்தரச் சோதனைப் படிவங்களை வரவழைத்து ஒவ்வொரு பச்சைக் கையெழுத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். குணசேகரன் அடுத்த மாதமே வேறு இடத்துக்கு மாற்றப்பட்டார். பதவி உயர்வோடு என்று கேள்வி, அதில் எனக்கு ஆச்சரியமில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சீனியர் கிரேடு போனது போனதுதான், ஓய்வு பெறும்வரை திரும்பி வரவில்லை. சுலைமானின் பெயர் பட்டியலில் அப்படியே இருந்தது.

அன்று விசாரணை முடிந்ததும் நடைபாதையில் அவனைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"ஏன்டா வாய மூடிக்கிட்டு இருந்த? நான் பூசினத நீதான் பாத்தல்ல, தட்டப் புடிச்சிக்கிட்டு நின்னல்ல? அங்க சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நீங்க மாட்டிக்குவீங்க. ஒங்க சாமிய நான் கொற சொன்ன மாதிரியும் ஆவும். விடுங்கக்கா."

"சரி, வாரா வாரம் தொடைச்சியே. சுத்தி எல்லாம் பளிச்சின்னு இருக்குது. அத மட்டும் ஏன் விட்ட? ஒரு இழுப்பு இழுத்திருந்தா ஒந் தோள் இப்படி ஆகியிருக்குமா?"

அவனுக்கு அது ஒரு கேள்வியாகவே தெரியவில்லை.

"எப்படிக்கா தொடைக்கிறது? நீங்க கண்ண மூடி கும்பிட்டு வெச்சதாச்சே. நான் வேற மதம். அழுக்குத் துணிய வெச்சி அத அழிச்சா நல்லாவா இருக்கும்? பச்சையா வருதே, பச்சையா வருதேன்னு ஒவ்வொரு வாரமும் பாத்தேன். பட்டுடக் கூடாதுன்னு வெரல்ல துணியச் சுத்தி ஓரத்தோட ஓரமா தொடைச்சிட்டு எறங்கிடுவேன்."

அந்த அலுவலகத்தில் நான் ஒரு நாளும் அழுதது கிடையாது. அழுதால் பெண் என்பார்கள் என்று இருபது வருடம் பல்லைக் கடித்தவள். அன்று நடைபாதைச் சுவரில் சாய்ந்து, யார் பார்க்கிறார்கள் என்று பாராமல் தேம்பித் தேம்பி அழுதேன். சுலைமான் பதறிப்போய் என் முதுகைத் தட்ட இடது கையைத் தூக்கப் பார்த்தான். அது எழவில்லை.